இருபத்தொன்று

செங்காங் ரயில் நிலையத்தில்
கட்டணக் கதவுக்கு அந்தப் பக்கம் ரோஸ்னா,
இந்தப் பக்கம் நான்.
வெளியே வந்தால் அவள் அட்டையில் காசு போகும்.
அதனால் தடுப்புக்கு மேலாகவே வியாபாரம்.
ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள்
கொதிநீரில் போட்டெடுத்த
இரண்டு சிலிகான் புனல்கள். எட்டு வெள்ளி.

பணம் போய்ச் சேர்ந்ததும்
கிளம்பப் பார்த்தவளை நிறுத்தினாள்.
"இதுக்கு முன்னாடி என்ன அளவு?"
ஆறரை மணிக் கூட்டம்
அட்டையைத் தட்டித் தட்டி
எங்கள் இருபுறமும் வழிகிறது.
சட்டை மடிப்புக் கலையாத ஒருவர்
அவசரமாக மேற்கூரையைப் பார்க்கிறார்.
"இருபத்துநாலு. பெட்டியோட வந்தது."
"பெட்டிக்கு உன்னைத் தெரியுமா?" என்றாள்.

யாரும் அதுவரை கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் முப்பது மில்லி.
பதினாறு வாரம் முடிந்து
சாங்கி சரக்கு அலுவலகம் திரும்பிய நாள்முதல்
ஏ4 தாள்கள் அடுக்கிய அறையில்
'உள்ளே ஆள்' என்று எழுதித் தொங்கவிட்டு
தினம் மூன்று முறை உட்கார்ந்தேன்.
பம்ப் பேசும்.
தனியாக இருந்தால் தெளிவாகவே பேசும்.
போதாது, போதாது என்றது என்னுடையது.
மெய் ஷுவானுடையது
சீனத்தில் ஏதோ பலகாரம் கேட்குமாம்.

வாங்கினேன்.
தூங்காதவளின் கட்டைவிரலுக்கு
எந்தக் கடையும் மூடுவதில்லை.
கைகளை விடுவிக்கும் உள்ளாடை,
சூடும் ஆகிற குளிரும் ஆகிற ஜெல் வளையம்,
பால் பிஸ்கட் என்ற பெயரில்
பதினெட்டு வெள்ளிக்கு ஓட்ஸ்,
பிறை வடிவத்தில் ஒரு தலையணை.
அதில் இப்போது செழியன்தான் தூங்குகிறான்.
அம்மா கூரியரில் வெந்தயம் அனுப்பினாள்.
மெய் ஷுவான் பப்பாளிக்காய் மீன் சூப் கொண்டுவந்தாள்.
சுறாப்புட்டு கிளறியதில்
மின்தூக்கி வரை இரண்டு நாள் வாசம்.
குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை
உள்ளே செருகிக்கொண்டு
மேலாளரோடு காணொளியில் கண்டெய்னர் எண்ணினேன்.
உள்ளதைச் சொன்னால்
இத்தனையிலும் கொஞ்சம் உதவியது அந்தக் கோஸ்தான்.
இரண்டு வெள்ளிகூட இல்லை.

பால் வரவில்லை, வலி வந்தது.
காம்பு வெடித்து ஒரு நாள்
பைக்குள் இளஞ்சிவப்பாக இறங்கியது.
அதற்கும் தேதி எழுதி உறையவைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
முப்பது மில்லி அது.

இருபத்தொன்று எனக்குச் சரிவருமா என்று
தெரிந்தா வாங்கினேன்,
விலை பார்த்து வாங்கினேன்.
ரோஸ்னா அதை என் முகத்திலேயே படித்திருக்க வேண்டும்.
கைப்பையைக் கிளறி
மகனின் பள்ளி அளவுகோலைத் தடுப்புக்கு மேல் நீட்டினாள்.
"காம்பை மட்டும் அள.
சுத்தியிருக்கற கருப்பைச் சேர்க்காதே.
பம்ப் பண்றதுக்கு முன்னாடி அள, அப்புறம் இல்ல.
பொருந்தலன்னா திருப்பிக் கொடு,
நாளைக்கும் இதே கதவு."
கருப்பு என்ற இடத்தில்
அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை.
எனக்கு ஏனோ அது போதுமாக இருந்தது.

இரவு குளியலறைக் கண்ணாடிமுன்
வாய்ப்பாடு அச்சிட்ட அளவுகோலோடு நின்றேன்.
பதினெட்டு.
மறுபக்கம் பதினேழரை.
இத்தனை நாள் நான் குறைச்சல் என்று நினைத்தது
ஒரு பிளாஸ்டிக் ஓட்டையின் அகலம்.

மறுநாள் நாற்பத்தைந்து மில்லி.
அற்புதம் ஒன்றும் இல்லை.
இமையா நான்கே நிமிடத்தில் உறிஞ்சிவிட்டு
புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.
செழியன் பாகங்களைக் கழுவுகையில்
வாத்து மூக்கு மாதிரி இருக்குமே,
அந்தச் சின்ன வால்வைத் தொட்டியில் தொலைத்துவிட்டு
கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தான்.

அளவுகோல் இன்னும்
பல்துலக்கிகளோடு கோப்பையில் நிற்கிறது.
பின்புறம் நீல மையில்:
ஹக்கீம், 3 விடாமுயற்சி.
அவன் பள்ளியில் வகுப்புகளுக்கு அப்படித்தான் பெயர் போலும்.

சொல்ல மறந்தேன்.
அன்று தாள் அறையில் பம்ப் ஒன்றும் பேசவில்லை.
மோட்டார்போல ஓடியது.